ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை



இந்தப் பகுதியில் வழக்கமாக ஏதாவது ஒரு நோயைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை நோயை விட்டுவிட்டு, வீட்டிலும் வழியிலும் திடீரென்று வருகிற ஆபத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008-ஆம் ஆண்டில் நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் மாலை 6 மணி இருக்கும். ஓர் அம்மா தன் ஐந்து வயது மகனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி வந்தார். "ஐயா, பாட்டில்ல இருந்தத புள்ள குடிச்சிட்டான்யா" என்றார். கையில் பாட்டிலும் இருந்தது. ஆரஞ்சுத் தண்ணி விற்கிற பாட்டில்தான். ஆனால் உள்ளே இருந்தது புல்லுக்கு அடிக்கிற பாராகுவாட். பையன் விளையாடிவிட்டு வந்திருக்கிறான், தாகம், அடுப்படியில் பாட்டில் இருந்தது, எடுத்துக் குடித்துவிட்டான். அம்மா பயத்தில் உப்புத் தண்ணீரைக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருந்தார்.

தோட்டத்து வண்டியில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் பையன் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தான். வாய் எரிகிறது என்றான், அவ்வளவுதான். மறுநாள் அவன் அப்பா என்னிடம், "டிரசர் ஐயா, புள்ள நல்லாத்தான் இருக்கான், ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. முதல் நாள் ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். பிறகு சிறுநீரகத்தையும் நுரையீரலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். ஒன்பதாம் நாள் அந்தக் குழந்தை போய்விட்டது.

அந்த அப்பா பொறுப்பில்லாதவர் அல்ல. வீட்டுப் பின்புறம் புல் மண்டிக் கிடக்கிறதே, பாம்பு வந்து பிள்ளைகளைக் கடித்துவிடுமே என்று பயந்துதான் கொஞ்சம் மருந்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளையைக் காப்பாற்ற நினைத்துச் செய்த காரியம் அது. அதை வைத்த பாத்திரமும் வைத்த இடமும்தான் தவறு.

தோழர்களே, ஆபத்து எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் அது வருவதற்கு முன் இருக்கிற நேரம் நம் கையில் இருக்கிறது. வந்த பிறகு ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை உள்ள நேரமும் நம் கையில்தான் இருக்கிறது. பட்டணத்தில் இருப்பவனுக்குப் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. நமக்கு அப்படி இல்லை. செம்மண் சாலையைக் கடந்து, பெரிய சாலை ஏறி, பத்துப் பதினைந்து கட்டை போக வேண்டும். ஆகவே பட்டணத்தானைவிட நாம்தான் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

குடிக்கிற பாட்டிலில் மருந்து வேண்டாம்

நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு எங்காவது கிடந்தால் தொடாமல் அலுவலகத்தில் தெரிவியுங்கள். அது போய்விட்டது என்பதால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இப்போது அடிக்கிற களைக்கொல்லிகளும் குடிக்கிற பொருள் அல்ல. குளூபோசினேட் என்று ஒன்று இருக்கிறது. அதைக் குடித்தவர் முதல் சில மணி நேரம் சாதாரணமாக இருப்பார். பிறகு வலிப்பு வரும், நினைவு தப்பும், மூச்சு நிற்கும். "நல்லாத்தானே இருக்கான், காலையில பாத்துக்கலாம்" என்று வீட்டில் வைத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

மருந்து ஸ்டோரில் இருக்க வேண்டியது ஸ்டோரிலேயே இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மண்ணெண்ணெய், குளோரோக்ஸ், கக்கூஸ் கழுவும் திரவம் போன்றவை வீட்டில் இருக்கத்தான் செய்யும். அவற்றை வாங்கிய டப்பாவிலேயே, லேபிளோடு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். அடுப்படியில் கீழே வைக்கவே வேண்டாம். பாட்டியின் பிரஷர் மாத்திரையும் தாத்தாவின் இனிப்பு நீர் மாத்திரையும் இதில் சேர்த்திதான். சின்னப் பிள்ளைக்கு அவை மிட்டாய்போலத் தெரியும்.

யாராவது எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், இளநீர், எண்ணெய் எதுவும் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் குடித்தவனை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய் இன்னும் கேடு செய்யும். வாயைக் கொப்பளிக்க வைத்து, மருந்து பட்ட துணியைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். பாட்டிலையோ லேபிளையோ கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு வழி தெரியும்.

உங்கள் வீடு எங்கே இருக்கிறது?

சிரிக்காதீர்கள், இது முக்கியமான கேள்வி. அவசரம் என்றால் 999-க்கு அழைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அழைத்துவிட்டு என்ன சொல்வீர்கள்?

இதில் நானே ஒரு பிழை செய்திருக்கிறேன். 2011-இல் குலை வெட்டும் தோழர் ஒருவருக்கு நீட்டு அரிவாள் நழுவி விழுந்து முன்கை ஆழமாக வெட்டுப்பட்டது. துணியை வைத்து அழுத்திக்கொண்டே 999-க்கு அழைத்தேன். பதற்றத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னேன், டிவிஷனைச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துக்கு இரண்டு டிவிஷன், இரண்டு வாசல், இரண்டும் வெவ்வேறு சாலையில். ஆம்புலன்ஸ் அந்தப் பக்கத்து வாசலுக்குப் போய்விட்டது. முக்கால் மணி நேரம் வீணாகப் போயிற்று. அவர் பிழைத்தார். என்றாலும் அந்த முக்கால் மணி நேரமும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று முதல் என் கிளினிக் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டுக் கதவின் உட்புறத்திலும் ஒன்று ஒட்டுங்கள். அதில் இவை இருக்கட்டும்:

தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண்.
பெரிய சாலையின் பெயர், எத்தனையாவது கிலோமீட்டர் கல், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.
அடையாளம்: கோயில், தமிழ்ப்பள்ளி, ஆலை, பாலம் ஏதாவது ஒன்று.
999, தோட்டத்து அலுவலகம், கிளினிக், கார் வைத்திருக்கிற பக்கத்து வீட்டார் ஆகிய எண்கள்.

இதை மலாயிலும் எழுதி வையுங்கள். போனை எடுப்பவர் மலாயில்தான் பேசுவார். நன்றாக மலாய் பேசுகிறவருக்கே அந்த நேரத்தில் நாக்குக் குழறும். "தோலோங், கெனா பாத்தோக் உலார்" என்று எழுதியிருந்தால் பத்து வயதுப் பிள்ளைகூடப் படித்துச் சொல்லிவிடும். சொல்லி முடித்ததும் போனை நீங்களாக வைக்காதீர்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை பேசுங்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்குப் போய்க் கையில் டார்ச்சுடன் நிற்கட்டும். இன்னொருவர் கேட்டுச் சாவிக்குக் காவல்காரரிடம் ஓடட்டும். நம் தோட்டங்களில் எல்லா இடத்திலும் போன் கோடு கிடைப்பதில்லை. வீட்டுக்கு அருகில் எந்த மேட்டில் நின்றால் கிடைக்கும் என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

இப்போது லயத்தில் பக்கத்து வீட்டில் இந்தோனேசியத் தோழரோ வங்காளதேசத் தோழரோ இருக்கலாம். அவருக்கும் இந்தத் தாளைக் கொடுங்கள். நடுராத்திரியில் உங்களுக்கு ஓடி வரப்போவது அவர்தான்.

அந்த அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

வெட்டுக்காயம்: சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்துக் கையால் பலமாக அழுத்துங்கள். ரத்தம் ஊறினால் அந்தத் துணியை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காப்பித்தூள், புகையிலை, மண் எதுவும் வேண்டாம். செம்பனை முள்ளோ வேறு எதுவோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அப்படியே அசையாமல் கட்டிக்கொண்டு வாருங்கள்.

தீக்காயம், சுடுதண்ணீர்: குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். மோதிரம், வளையல், கொலுசு எல்லாம் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பிறகு சுத்தமான துணியால் மூடுங்கள். பற்பசை, கிச்சாப், முட்டை, ஐஸ் கட்டி வேண்டாம். அவற்றை முதலில் வழித்தெடுத்த பிறகுதான் நாங்கள் காயத்தையே பார்க்க முடிகிறது. பிள்ளைக்கு அது இரண்டாவது வேதனை.

பாம்புக்கடி: செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம், எலியைத் தேடி நாகமும் வரும். கடித்துவிட்டால் கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். இறுக்கிக் கட்டியதாலேயே கால் கெட்டுப்போவதும் உண்டு. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, கடிபட்ட கையையோ காலையோ ஒரு மட்டையை வைத்து அசையாமல் கட்டி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம். தூரத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பரவாயில்லை. மந்திரிக்க வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால் நான் தடுக்கவில்லை. வண்டி போய்க்கொண்டிருக்கும்போது மந்திரிக்கட்டும். விஷமுறிவு ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

கேஸ் வாடை: சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வாருங்கள்.

இதற்கெல்லாம் வீட்டில் ஒரு பிஸ்கட் தகரம் போதும். சுத்தமாகத் துவைத்த பழைய வேட்டித் துணி, கட்டுத்துணி, பிளாஸ்டர், கத்தரிக்கோல், டார்ச்சு லைட், பேராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கான உப்புக்கரைசல் பொட்டலம், எல்லாருடைய ஆஸ்பத்திரிக் கார்டு. தகரத்தில் இருப்பதை வேறு காரியத்துக்கு எடுக்கக் கூடாது. டார்ச்சு பேட்டரியை மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போகிறவர் நம் வீட்டில் ஒருவர் இருப்பார், அவரிடம் சொல்லி வையுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் ராத்திரியில் டாங்கியில் கொஞ்சமாவது எண்ணெய் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளில் போகிறவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1973-இலேயே வந்துவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் நம் ஆட்கள் சொல்வது, "தோட்டத்துக்குள்ளதானே ஐயா, போலீஸ்காரன் எங்க வரப்போறான்?" தலைக்கவசம் போலீஸ்காரரின் தலைக்காகச் செய்ததல்ல. தோட்டத்துச் சாலையில் கல் இருக்கிறது, மழைக்குப் பின் சேறு இருக்கிறது, வளைவில் குலை ஏற்றிய லோரி வருகிறது. மண்டையோடு தோட்டத்தில் ஒரு மாதிரியும் பெரிய சாலையில் ஒரு மாதிரியும் இருப்பதில்லை.

தலையில் கவிழ்த்துக்கொண்டால் மட்டும் போதாது, தாடைப் பட்டையைப் பூட்ட வேண்டும். பூட்டாத கவசம் நீங்கள் கீழே விழுவதற்கு முன் தனியாகப் பறந்துவிடும். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பள்ளிக்கு ஏற்றிப் போகும் பிள்ளைக்கும் அதன் தலைக்குப் பொருந்துகிற கவசம் வேண்டும். மூன்று பிள்ளைகளை ஒரே சைக்கிளில் அடுக்காதீர்கள். விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது முன்விளக்கும் பின்விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். அரிவாளை உறை போடாமல் தோளில் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். விழுந்தால் சாலையைவிட அரிவாள்தான் அதிகம் வெட்டும்.

ஒரு விஷயத்தைச் சங்க உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் நடக்கிற விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. சொந்தக் காரியமாக வழி மாறிப் போயிருந்தால் சிக்கல் வரும். போலீஸ் புகாரும் ஆஸ்பத்திரிச் சீட்டும் எம்.சி.யும் பத்திரமாக இருக்க வேண்டும். விபத்தை உடனே அலுவலகத்திலும் உங்கள் சங்கக் கிளையிலும் தெரிவியுங்கள். "சின்ன அடிதானே" என்று விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கை தூக்க முடியவில்லை என்று வந்தால் நிரூபிப்பது கஷ்டம்.

தூரப் பயணம்

தீபாவளி, தைப்பூசம், கல்யாணம், கருமாதி என்று நாம் பயணம் போகிறோம். கிளம்புவதற்கு முன் சிலிண்டரை மூடுங்கள். சாமி விளக்கை அணைத்துவிட்டுப் போனால் சாமி கோபித்துக்கொள்ளாது. எரிய விட்டுப் போய் வீடு எரிந்த கதை நமக்குத் தெரியும். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று பக்கத்து வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்தைக் கைப்பையில் வையுங்கள். பஸ்ஸுக்கு அடியில் போடுகிற பெட்டியில் வைக்காதீர்கள். இன்சுலினை வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டால் கெட்டுவிடும். இனிப்பு நீர்க்காரர்கள் ஒரு மிட்டாயோ சீனிப் பொட்டலமோ சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். வழியில் சாப்பாடு தாமதமாகி, வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போடுங்கள். என்ன நோய், என்ன மாத்திரை, யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மைகார்டுடன் சேர்த்து வையுங்கள். நினைவு தப்பிக் கிடப்பவருக்காகப் பேசப்போவது அந்தச் சீட்டுத்தான்.

வண்டி ஓட்டுகிறவர் முதல் நாள் இரவு தூங்கியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி இறங்கி நடக்கட்டும். சளிக்கு நான் கொடுக்கிற சின்ன மஞ்சள் மாத்திரை தூக்கம் வரவைக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரும் வார் போட வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் சட்டம். 2025 ஜூலை 1 முதல் எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் வார் உள்ள இருக்கையில் அதைப் போடவேண்டும். பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும் என்று தாய்மார்கள் நினைக்கிறீர்கள். வண்டி மோதுகிற வேகத்தில் எந்தத் தாயின் கையும் தாங்காது.

பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போகும்போது பிள்ளையின் மணிக்கட்டில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். "தொலைஞ்சு போனா நடக்காத, நின்ன இடத்திலேயே நில்லு, இல்லாட்டி போலீஸ்காரங்ககிட்ட போ" என்று சொல்லிக் கொடுங்கள். தாய்மார்கள் கைப்பையைச் சாலைப் பக்கம் மாட்டாமல் உட்பக்கம் மாட்டி நடங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பிடுங்கினால் விட்டுவிடுங்கள். இழுபட்டுக் கீழே விழுந்து தலை அடிபடுவதைவிடப் பை போவது மேல். சங்கிலியை மறுபடியும் சம்பாதிக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. இந்த ஞாயிறு பசியாறிய பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுப்படியில் குனிந்து பாருங்கள், பாட்டிலில் ஊற்றி வைத்த எதுவும் இருக்கிறதா என்று. கதவில் தாளை ஒட்டுங்கள். பிள்ளைகளை ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தகரத்தை நிரப்புங்கள். மலாயில் எழுதத் தெரியாதவர்கள் கிளினிக்குக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். வேறு தோட்டத்தில் இருப்பவர்கள் உங்கள் டிரசரிடமோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

அந்த ஐந்து வயதுப் பையனின் அப்பா இப்போதும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். புதிதாக யாராவது குடிவந்தால் முதல் வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போய், "குடிக்கிற பாட்டில்ல எதையும் ஊத்தி வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வருகிறாராம். ஏன் என்று அவர் சொல்வதில்லை. அவருக்காகத்தான் இதை எழுதினேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.